மனை பிரிக்கும் முன் நிலத்தடி நீர்: எந்த ஆய்வு எதைச் சொல்லும்?

குழாய்க் குடிநீரும் பாதாளச் சாக்கடையும் எட்டாத ஓர் ஊர்ப்புற நிலத்தை வீட்டுமனைகளாகப் பிரிக்கும்போது, அங்கே குடிவரும் ஒவ்வொரு குடும்பமும் தன் காலடியில் உள்ள தண்ணீரைக் குடித்து, தன் கழிவுநீரையும் அதே மண்ணுக்குள் விடப்போகிறது. நிலத்தைப் பிரிப்பவருக்கு நிலத்தடி நீர் அறிக்கை என்பது அனுமதிக் கோப்பில் சேர வேண்டிய ஒரு தாள். மனையை வாங்குபவருக்கோ அது அடுத்த முப்பது நாற்பது ஆண்டு வாழ்க்கை. பதிவுகளைத் திரட்டுவது, நிலத்தின் மின்தடையை அளப்பது, ஒரு சோதனைக் கிணறு போட்டுப் பார்ப்பது, பல நாள் தொடர்ந்து இறைத்துப் பார்ப்பது, மழையையும் கழிவையும் வைத்து ஆண்டுக் கணக்குப் போடுவது என்று இந்த மதிப்பீட்டுக்குப் பல வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் எல்லா நிலத்திலும் செய்ய யாராலும் முடியாது. ஆகவே எந்த வழி எந்தக் கேள்விக்கு விடை தரும், எதை முதலில் செய்ய வேண்டும், எங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பொதுவாக நடப்பது இதுதான்: முதலில் மனை வரைபடம் தயாராகிவிடுகிறது; பிறகு ரிக் வண்டி வருகிறது; ஒரு துளையில் தண்ணீர் பீறிட்டு வந்ததும், அந்த ஒரு துளையின் லிட்டர் கணக்கே முழு நிலத்துக்கும் சான்றாகிவிடுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பது என் உறுதியான கருத்து. மனைகளின் எண்ணிக்கையை முடிவு செய்த பிறகு வரும் ஆய்வு, அந்த எண்ணிக்கைக்கு நியாயம் தேடுவதாகவே முடியும்.

அறிக்கை விடை சொல்ல வேண்டிய கேள்விகள் நான்கு. ஒரு மனையில் போடும் கிணறு ஒரு குடும்பத்துக்குப் போதுமா என்பது முதலாவது. பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். எல்லாக் கிணறுகளும் ஒன்றாக இறைக்கும்போது, அதுவும் மழை பொய்த்த ஆண்டின் கடைசி மாதங்களில், தண்ணீர் நிற்குமா என்பது இரண்டாவது. நம் இறைப்பால் அக்கம்பக்கத்தில் முன்பே இருக்கும் பாசனக் கிணறுகளும் குடிநீர்க் கிணறுகளும் வற்றுமா என்பது மூன்றாவது. தண்ணீர் இன்று குடிக்கத் தக்கதா, அத்தனை வீடுகளின் கழிவுநீரும் மண்ணில் இறங்கிய பிறகும் குடிக்கத் தக்கதாக இருக்குமா என்பது நான்காவது. முதல் கேள்விக்கு விடை காண்பது எளிது. ஒரு சிறு மனைப்பிரிவு பிழைக்குமா அழியுமா என்பதை முடிவு செய்பவை மற்ற மூன்றும்தான்.

பதிவுகளும் பக்கத்துக் கிணறுகளும்

மிகக் குறைந்த செலவில் மிக அதிகம் சொல்லும் வழி இதுவே. அந்தப் பகுதியின் நிலவியல் வரைபடம், முன்பு போடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளின் பதிவுகள், குறைந்தது முப்பது ஆண்டு மழைக் கணக்கு ஆகிய மூன்றையும் மேசையில் வைத்துக்கொண்டால், அடியில் இருப்பது மணலா, களிமண்ணா, சிதைந்த பாறையா, வெடிப்புள்ள கடும்பாறையா என்ற அடிப்படை தெளிந்துவிடும். அடுத்து, நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் அளவுக்கு நடந்து, இருக்கிற கிணறுகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மொத்த ஆழம் எவ்வளவு, கேசிங் குழாய் எத்தனை மீட்டர் இறக்கப்பட்டது, எந்த ஆழத்தில் தண்ணீர் கிடைத்தது, கோடையின் முடிவில் மட்டம் எங்கே நிற்கிறது, மோட்டாரை எத்தனை முறை மேலும் கீழே இறக்கினார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வற்றிப்போன துளைகளைப் பற்றி வற்புறுத்திக் கேட்பது முக்கியம். தண்ணீர் கிடைத்த கிணறு கண்ணெதிரே நிற்கும். கிடைக்காத துளை மூடி மறக்கப்பட்டிருக்கும். அரசுப் பதிவுகளிலும் வெற்றிபெற்ற கிணறுகளே அதிகம் இடம்பெறுகின்றன. ஐந்து நல்ல கிணறுகள் இருக்கும் ஒரு வட்டாரத்தில் பதினைந்து வறண்ட துளைகள் புதைந்திருந்தால், அந்த வட்டாரத்தின் உண்மைக் கதை அந்தப் பதினைந்தில்தான் இருக்கிறது.

நீர்மட்டம் அளக்கும் நாடாவோடு போவது இன்னும் பயன் தரும். பல மணி நேரம் மோட்டார் ஓடாமல் இருந்த கிணற்றில், விடியற்காலையில், கேசிங் விளிம்பிலிருந்து மட்டத்தை அளக்க வேண்டும். விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதையும் குறித்து, தரையின் உயரத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். முக்கோணமாக அமைந்த மூன்று கிணறுகளில் இப்படி அளந்தாலே தண்ணீர் எந்தத் திசையில் நகர்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். கழிவுநீரின் உறிஞ்சுகுழி எங்கே வர வேண்டும், கிணறு எங்கே வர வேண்டும் என்பது இந்தத் திசையைப் பொறுத்தது. ஆனாலும் மனை வரைபடங்கள் பலவற்றில் இந்தத் திசைக்கான ஒரு சிறு அம்புக்குறிகூட இருப்பதில்லை.

இந்த வழியின் குறை வெளிப்படையானது. பக்கத்து நிலத்தின் கதை நம் நிலத்தின் கதைக்கு அருகில் வரும், அதுவே ஆகிவிடாது. மணலும் வண்டலும் விரிந்து கிடக்கும் சமவெளியில் அந்த வேறுபாடு சிறிது. கடும்பாறை நிலத்தில் முப்பது மீட்டர் தள்ளிப் போட்ட துளைக்கும் இதற்கும் உறவே இல்லாமல் போகலாம்.

மின்தடை ஆய்வு

நிலத்தில் இரு முனைகளை ஊன்றி மின்சாரம் செலுத்தி, நடுவில் வேறு இரு முனைகளால் மின்னழுத்தத்தை அளந்து, அடியில் உள்ள அடுக்குகளின் மின்தடையைக் கணிக்கும் முறை இது. 1910-களில் பிரான்சில் கான்ராட் ஷ்லம்பர்ஜரும் அமெரிக்காவில் ஃபிராங்க் வென்னரும் உருவாக்கிய முனை அமைப்புகளே இன்றும் அதிகம் பயன்படுகின்றன. சிதைந்த பாறையின் கனம் எங்கே கூடுகிறது, கடும்பாறை எந்த ஆழத்தில் தொடங்குகிறது, வெடிப்பு மண்டலம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பவற்றை இந்த முறை ஓரளவு நன்றாகவே காட்டும்.

ஆனால் இது தண்ணீரை அளப்பதில்லை, மின்தடையை அளக்கிறது. ஈரக் களிமண்ணும் உப்புநீர் நிறைந்த மணலும் ஒரே மாதிரிக் குறைந்த எண்ணைக் காட்டக்கூடும்; முன்னதிலிருந்து தண்ணீர் வராது, பின்னதிலிருந்து வந்தாலும் குடிக்க முடியாது. நாளொன்றுக்கு எத்தனை லிட்டர் வரும் என்று மின்தடை ஆய்வின் அடிப்படையில் எழுதித் தரும் அறிக்கையை நான் ஏற்கமாட்டேன். சோதனைத் துளையை எங்கே போடுவது என்று தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தினால் கொடுத்த பணத்துக்கு மதிப்பு உண்டு. கடும்பாறை நிலத்தில் இதைச் செய்யலாம். சீரான மணற்பாங்கான நிலத்தில் பெரும்பாலும் தேவையில்லை. குச்சியோ தேங்காயோ வைத்து நீரோட்டம் பார்ப்பதைப் பொறுத்தவரை, கட்டுப்பாடான சோதனைகளில் அது நிலைநிறுத்தப்பட்டதில்லை. பிறர் வாழப்போகும் நிலத்தின் எதிர்காலத்தை அதன்மேல் வைப்பது நேர்மையாகாது.

ஒரு சோதனைக் கிணறும் குறுகிய இறைப்பும்

துளையிடும்போதே தரையின் அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவதுதான் சோதனைக் கிணற்றின் பெரிய பலன். ஒவ்வொரு மூன்று மீட்டருக்கும் வெளிவரும் துகளைத் தனித்தனியாகக் குவித்து, நிறத்தையும் பருமனையும் குறித்து, எந்த ஆழத்தில் ஈரம் தொடங்கியது, எந்த ஆழத்தில் துளைக்கும் வேகம் திடீரென மாறியது என்று எழுதிவைத்தால், அது பின்னால் போடப்போகும் எல்லாக் கிணறுகளுக்கும் வழிகாட்டும்.

நீர் அளவு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. கம்ப்ரசர் காற்றில் பீறிட்டு வரும் தண்ணீரை அளந்து சொல்லும் எண், அந்தக் கிணறு தொடர்ந்து தரக்கூடிய அளவைவிடப் பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும். புதிதாகத் திறந்த வெடிப்புகளில் தேங்கியிருந்த நீர் முதலில் வெளியேறுவதே காரணம். ஒரு மணி நேர மோட்டார் சோதனையும் இதே வகையில் ஏமாற்றக்கூடியது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 18 லிட்டர் தண்ணீர் நிற்கும். அறுபது மீட்டர் நீர்த்தூண் இருந்தால் ஆயிரம் லிட்டருக்கு மேல் துளைக்குள்ளேயே இருக்கிறது. நிமிடத்துக்கு 20 லிட்டர் வீதம் ஒரு மணி நேரம் இறைத்தால் வெளியே வருவது 1,200 லிட்டர். அதில் பெரும்பகுதி துளையில் முன்பே நின்ற நீராகவே இருக்கக்கூடும். பாறையிலிருந்து எவ்வளவு ஊறி வந்தது என்பதைப் பற்றி அந்த ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட எதுவும் சொல்லவில்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐந்து பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு 150 லிட்டர் என்று வைத்தால், நாளொன்றுக்கு 750 லிட்டர் செலவிடும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் மட்டுமே ஊறும் கிணறுகூட ஒரு நாளில் 2,880 லிட்டர் தரும். மேலே ஒரு தொட்டி இருந்தால் போதும். எனவே குறைந்த ஊற்று உள்ள கிணறு என்பதாலேயே ஒரு மனையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. அதேபோல் பீறிட்டு அடிக்கும் ஒரு கிணறு இருபது மனைகளுக்கு உத்தரவாதமும் ஆகாது.

நீண்ட நேர இறைப்புச் சோதனை

கூட்டு இறைப்பையும் பக்கத்துக் கிணறுகளையும் பற்றிய கேள்விகளுக்கு நேரடியாக விடை தரும் ஒரே கள ஆய்வு இதுதான். ஒரு கிணற்றில் மாறாத வேகத்தில் 24 மணி முதல் 72 மணி நேரம் வரை தொடர்ந்து இறைத்து, அந்தக் கிணற்றிலும் சற்றுத் தள்ளியுள்ள ஒன்றிரண்டு நோக்குக் கிணறுகளிலும் நீர்மட்டம் எப்படி இறங்குகிறது என்று அளக்கிறார்கள். முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒரு மணி என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது வழக்கம். இறைத்த நீரைச் சோதனை இடத்திலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட வேண்டும். பக்கத்து வாய்க்காலில் விட்டால் அதே நீர் மண்ணில் இறங்கித் திரும்பி வந்து, இல்லாத வளத்தை இருப்பதாகக் காட்டும்.

இறைப்புக்கும் நேரத்துக்கும் மட்ட இறக்கத்துக்கும் உள்ள உறவை 1935-இல் சார்லஸ் தைஸ் கணித வடிவில் தந்தார். 1946-இல் கூப்பரும் ஜேக்கபும் அதை எளிமையாக்கிய பிறகு, நேரத்தை மடக்கை அளவில் குறித்து வரைபடம் போட்டால் புள்ளிகள் ஒரு நேர்கோட்டில் விழும் என்பதும், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து நிலத்தின் நீர்கடத்தும் திறனைப் பெறலாம் என்பதும் எல்லாரும் கையாளும் முறையாயின. மனை பிரிப்பவருக்கு இந்தக் கோட்டின் உண்மையான பயன், அதை வருங்காலத்துக்கு நீட்டிப் பார்க்க முடிவதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒரு கிணற்றில் 24 மணி நேர இறைப்பின் முடிவில் மட்டம் 9 மீட்டர் இறங்கியிருக்கிறது. நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் மேலும் 3 மீட்டர் இறங்கும் என்று கோட்டின் சாய்வு சொல்கிறது. மழையே இல்லாத 100 நாள் என்பது ஒரு நாளின் நூறு மடங்கு, அதாவது இரண்டு முறை பத்து மடங்கு. ஆகவே 100 நாளின் முடிவில் இறக்கம் 15 மீட்டர். முக்கிய வெடிப்புக்கு மேலே இறங்க இடம் 20 மீட்டர் இருந்தால், இந்தக் கிணறு தனியாக இருக்கும்வரை தேறிவிடும். இப்போது சுற்றியுள்ள நான்கு மனைகளிலும் கிணறு வருகிறது. ஒவ்வொன்றும் தன் அன்றாட இறைப்பால் இந்தக் கிணற்றில் ஒன்றரை மீட்டர் இறக்கத்தை உண்டாக்கும் என்று கணக்குக் காட்டுகிறது. இறக்கங்கள் ஒன்றோடொன்று கூடும். 15-உடன் 6 சேர்ந்தால் 21, கிணறு தோற்றுவிட்டது. தனித்தனியே சோதித்திருந்தால் ஐந்து கிணறுகளும் தேறியிருக்கும். நோக்குக் கிணறு இல்லாமல் செய்யும் சோதனையில் இந்தப் பரஸ்பரப் பாதிப்பை நம்பகமாகக் கணிக்க வழியில்லை. எனவே பணம் ஒன்றுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், மூன்று கிணறுகளில் குறுகிய சோதனை செய்வதைவிட, ஒரு கிணற்றில் நோக்குக் கிணற்றோடு நீண்ட சோதனை செய்வதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கோடு வளையும் இடங்களில்தான் நிலம் தன்னைப் பற்றி அதிகம் சொல்கிறது. ஒரு கட்டத்தில் சாய்வு இரட்டிப்பானால், இறைப்பின் தாக்கம் நீர் புகாத ஒரு சுவரை, அதாவது பாறைச் செறிவையோ படுகையின் விளிம்பையோ எட்டிவிட்டது என்று பொருள். மட்டம் திடீரெனச் சரிந்தால், நீர் தந்துகொண்டிருந்த வெடிப்பு வெளியே தெரியும் அளவுக்கு இறங்கிவிட்டது. கோடு கிடையாகப் படுத்துவிட்டால் பலர் மகிழ்ந்துபோகிறார்கள். ஆனால் அருகிலுள்ள குளமோ ஓடையோ ஊட்டுவதால் அப்படி நேர்ந்திருக்கலாம், அந்தக் குளம் கோடையில் வறண்டால் அந்த ஆதரவும் போய்விடும். இந்தத் திருப்பங்கள் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தெரியாது. சோதனையை மதியத்தோடு முடித்துக்கொள்ளும் ஆய்வாளர், தெரிய வேண்டியது தெரிவதற்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுகிறார்.

இறைப்பை நிறுத்திய பிறகு மட்டம் ஏறுவதையும் அளந்தே ஆக வேண்டும். மேலே சொன்ன கிணற்றில் 24 மணி நேரம் ஓய்வு கொடுத்தால், அடியில் நீரைத் தேக்கிக் கடத்தும் அடுக்கு, அதாவது நீர்த்தாங்கி, பரந்ததாக இருக்கும்பட்சத்தில் 9 மீட்டர் இறக்கத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் தவிர மற்றதெல்லாம் மீண்டிருக்க வேண்டும். நான்கைந்து மீட்டர் பள்ளத்திலேயே நின்றுவிட்டால், நாம் இறைத்தது ஓடிவரும் நீரை அல்ல, ஒரு குறுகிய தேக்கத்தை. அப்படிப்பட்ட நிலத்தில் எத்தனை கிணறு போட்டாலும் ஒரே தேக்கத்தைப் பங்குபோடுவதாகவே இருக்கும்.

சோதனை நடக்கும் பருவமும் கவனத்துக்குரியது. மழைக்காலம் முடிந்த கையோடு செய்த சோதனை உயர்ந்த மட்டத்திலிருந்து தொடங்குகிறது. பக்கத்துக் கிணறுகளில் கோடை மட்டம் 6 மீட்டர் கீழே என்று முன்பே குறித்து வைத்திருந்தால், மட்டம் இறங்க இருக்கும் இடத்திலிருந்து அந்த 6 மீட்டரைக் கழித்துக் கணக்கிட வேண்டும். இயன்றவரை கோடையின் முடிவில் செய்வதே நல்லது.

மழையும் கழிவும் சேர்ந்த ஆண்டுக் கணக்கு

இறைப்புச் சோதனை எவ்வளவு நன்றாக அமைந்தாலும், ஆண்டுதோறும் எவ்வளவு தண்ணீர் உள்ளே வருகிறது என்று அது சொல்லாது. அதற்கு மழை ஊறலைக் கணிக்க வேண்டும். மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறிய அளவை நிலத்தின் நீர்தரும் விகிதத்தால் (நீர் நிறைந்த மண்ணோ பாறையோ தன் கன அளவில் எத்தனை சதவீத நீரை வடியவிடும் என்பதால்) பெருக்குவது ஒரு வழி: 4 மீட்டர் ஏற்றமும் 2 சதவீத விகிதமும் இருந்தால் ஊறல் 80 மில்லிமீட்டர். அந்த விகிதம் 2 சதவீதமா 1 சதவீதமா என்று உறுதியாகச் சொல்வது கடினம் என்பதால் விடை பாதியாகவும் வாய்ப்புண்டு. மழைநீரிலும் நிலத்தடி நீரிலும் உள்ள குளோரைடை ஒப்பிடுவது மற்றொரு வழி; நீர் ஆவியானாலும் இந்த உப்பு தங்கிவிடுவதால், செறிவு எத்தனை மடங்கு கூடியதோ அத்தனை மடங்கு குறைந்த நீரே ஊறியது என்று பொருள். ஆண்டு மழை 800 மில்லிமீட்டர், வறண்ட தூசியோடு படிவதையும் சேர்த்து மழையில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரைடு, நிலத்தடி நீரில் 25 மில்லிகிராம் என்றால், ஊறல் 64 மில்லிமீட்டர், அதாவது மழையில் 8 சதவீதம். உரமோ கழிவுநீரோ கடல் உப்போ கலந்த இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு வழிகளிலும் போட்டுப் பார்த்து, சிறிய எண்ணை வைத்துக்கொண்டு திட்டமிடுவதே பாதுகாப்பு.

அந்த 64 மில்லிமீட்டரை வைத்து 4 ஹெக்டேர் நிலத்தில் 20 வீடுகள் என்ற திட்டத்தைப் பார்ப்போம். ஆண்டு ஊறல் 2,560 கன மீட்டர். 20 வீடுகளின் ஆண்டுத் தேவை ஏறக்குறைய 5,475 கன மீட்டர், ஊறலைப்போல் இரு மடங்குக்கும் மேல். இந்த இடத்தில் திட்டத்தை ஆதரிப்பவர் ஒரு சரியான வாதத்தை முன்வைப்பார்: வீட்டில் செலவாகும் நீரில் ஏறக்குறைய 80 சதவீதம் கழிவுநீராக உறிஞ்சுகுழி வழியே மண்ணுக்கே திரும்புகிறது, உண்மையில் குறைவது ஆண்டுக்கு 1,095 கன மீட்டர்தான், ஊறல் அதற்குத் தாராளமாகப் போதும். நீரளவைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு நேராவது கழிவுநீரைக் குடிநீராக எண்ணுவதால்தான்.

ஆகவே அடுத்த கணக்கையும் போட்டாக வேண்டும். ஒரு மனிதரின் கழிவில் ஆண்டுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ நைட்ரஜன் இருக்கிறது. தொட்டியிலும் மண்ணிலும் பாதி போய்விடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஐந்து பேர் வீட்டிலிருந்து 11.25 கிலோ நிலத்தடி நீரைச் சேரும். மேற்சொன்ன திட்டத்தில் ஒரு வீட்டுப் பங்குக்கு மழை ஊறல் 128 கன மீட்டர், திரும்பும் கழிவுநீர் 219 கன மீட்டர், மொத்தம் 347. அதில் இந்த நைட்ரஜன் கரைந்தால் லிட்டருக்கு 32 மில்லிகிராம். நைட்ரேட்டாகச் சொன்னால் 140-க்கு மேல். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கும் ஆபத்தை வைத்து அமைந்த அளவு அது. கொதிக்க வைப்பதால் நைட்ரேட் போகாது, நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும்.

அந்த 50 மில்லிகிராமுக்குள் நிற்க வேண்டுமானால், இதே மழையிலும் மண்ணிலும் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 1.2 ஹெக்டேர் வேண்டும். நீரளவை மட்டும் பார்த்தால், கழிவுநீர் திரும்புவதை அறவே எண்ணாமல் விட்டாலும், ஒரு வீட்டுக்கு 0.43 ஹெக்டேர் போதும். மனையின் பரப்பை முடிவு செய்வது தாகமா கழிவா என்றால், இங்கே கழிவுதான். இது ஒரு தோராயக் கணக்கு. எல்லைக்கு வெளியிலிருந்து ஓடிவரும் நீரோ, நைட்ரஜனை அதிகம் சிதைக்கும் களிமண்ணோ இருந்தால் எண் மாறும். இருந்தாலும் ஒரு மாலைப்பொழுதில் தாளும் பேனாவும் வைத்துப் போட்டுவிடக்கூடிய இந்தக் கணக்கு, ரிக் வண்டி வருவதற்கு முன்பே மனை எண்ணிக்கையின் மேல்வரம்பைக் காட்டிவிடுகிறது. அதனால்தான் இதை முதல் வேலையாக வைக்கச் சொல்கிறேன்.

நீரின் தரம்

தரத்துக்கான மாதிரியை இறைப்புச் சோதனையின் கடைசி மணி நேரத்தில் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் வருவது துளையிட்டபோது கலங்கிய நீர். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுகளின்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமையும் ஆர்செனிக் 0.01 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது; 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. கிருமிச் சோதனைக்கான நீரைத் தூய்மையாக்கப்பட்ட புட்டியில் பிடித்து, குளிர்ச்சியாக வைத்து, அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். மழைக்குப் பின்னும் கோடை முடிவிலும் என்று இரு முறை பார்ப்பது அவசியம். ஃபுளோரைடும் ஆர்செனிக்கும் கூடுதலாக இருந்தால், ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனியே சுத்திகரித்துக்கொள்வார் என்று எழுதிவிட்டு நகர்வதை நான் ஏற்கவில்லை. அதைப் பராமரிக்கப் பணமும் கவனமும் எல்லா வீட்டிலும் எப்போதும் இருப்பதில்லை.

எந்த நிலத்துக்கு எவ்வளவு ஆய்வு

நான்கைந்து மனைகள், ஒவ்வொன்றும் ஒரு ஹெக்டேருக்கு மேல், சுற்றிலும் வற்றாத கிணறுகள் என்றால், ஆண்டுக் கணக்கு, பக்கத்துக் கிணறுகளின் பட்டியல், ஒரு சோதனைக் கிணற்றில் 24 மணி நேர இறைப்பு, இரு பருவத் தரச் சோதனை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். மனைகள் சிறுத்து எண்ணிக்கை கூடும்போது, நோக்குக் கிணறுகளோடு 72 மணி நேரச் சோதனை தவிர்க்க முடியாததாகிறது. கடும்பாறை நிலமாக இருந்தால் ஒரே இடத்தில் செய்தால் போதாது. நிலத்தின் வெவ்வேறு மூலைகளில், மின்தடை ஆய்வு காட்டிய வேறுபாடுகளுக்கு ஏற்ப, குறைந்தது இரண்டு மூன்று இடங்களில் செய்ய வேண்டும். அரை ஏக்கருக்கும் குறைந்த மனைகள் பல என்றால், எந்த ஆய்வும் தனித்தனிக் கிணற்றையும் தனித்தனி உறிஞ்சுகுழியையும் காப்பாற்றிவிடாது. அங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையமும், நீரோட்டத்தின் மேல்பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட பொதுக் கிணறும் திட்டத்திலேயே இடம்பெற வேண்டும். இல்லையேல் மனைகளைக் குறைக்க வேண்டும். நிலத்தடி நீரின் போக்கைக் கணினியில் உருவகித்துப் பார்க்கும் மாதிரி இத்தகைய பெரிய திட்டங்களுக்குப் பயன்படும். ஆனால் கள அளவு இல்லாத மாதிரி, போட்ட அனுமானத்தையே திருப்பித் தரும் என்பதால், இறைப்புச் சோதனைக்கு மாற்றாக அதை ஏற்கக்கூடாது.

இரண்டு வகை நிலங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் குகைபோன்ற வழிகளில் விரைந்து ஓடுவதால், மண் வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமில்லை. ஓர் உறிஞ்சுகுழியின் கழிவு சில நாட்களில் தொலைவிலுள்ள கிணற்றைச் சேரலாம். கடலோரத்தில், நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கிபனும் ஹெர்ஸ்பர்கும் தனித்தனியே கண்ட விதிப்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் நன்னீர் இருக்கும். அந்த ஒரு மீட்டரை இறைத்துத் தீர்த்தால் காலப்போக்கில் அந்த நாற்பதும் போய்விடும். அங்கே இறைப்புச் சோதனையில் மட்டத்தை அளப்பதோடு, நீரின் மின்கடத்துத் திறனையும் மணிக்கொரு முறை அளந்து, அது ஏறத் தொடங்கும் இறைப்பு வேகத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும் மீதமிருக்கும் ஐயத்தை வாங்குபவர் தலையில் கட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு: நோக்குக் கிணறுகளில் இரண்டையாவது பொது நிலத்தில் நிரந்தரமாக விட்டுவைத்து, மாதம் ஒரு முறை மட்டத்தையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நைட்ரேட்டையும் அளந்து, மனைகளைக் கட்டம் கட்டமாக மட்டுமே விற்பது. முதல் கட்டத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். இரண்டு கோடைகளின் அளவுகள் கையில் வந்து, மட்டம் ஆண்டுக்கு ஆண்டு கீழே போகவில்லை, நைட்ரேட் ஏறவில்லை என்று தெரிந்த பிறகே மீதியைத் திறக்க வேண்டும். இந்த நிபந்தனையும் அதற்கான எல்லை அளவுகளும் அறிக்கையிலும் விற்பனைப் பத்திரத்திலும் எழுத்தில் இருக்க வேண்டும்.